முற்றத்தை மூடத்தான் வேண்டுமா?

சித்திரைத் திருவிழா வந்தால் எங்கள் செல்லூர் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். ராத்திரி அத்தனை பேரும் எங்கே பாய் விரிப்பார்கள் என்கிறீர்கள்? நடு முற்றத்தில்தான். என் மாமனார் காலத்து ஓட்டு வீடு. நாலு பக்கமும் தாழ்வாரம், நடுவில் வானம்.

அந்த வானத்துக்கு இந்த வருஷம் ஆபத்து வந்தது! பெரியவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தனி ரூம் வேண்டாமா? வந்து பார்த்த இஞ்சினியர் தம்பி, "முத்தம் சும்மாதானேம்மா கெடக்கு. மேலே கான்கிரீட் போட்டா ஒரு ரூமும் ஹாலும் கெடைச்சிரும்" என்றார். என் வீட்டுக்காரருக்குப் பரம சந்தோஷம். எண்பது வயது மாமியார் மட்டும் வாயே திறக்கவில்லை. எனக்கோ இரண்டு மனசு. மழைச் சாரல், கொசு, காக்கை எச்சம் எல்லாம் கூட்டிப் பெருக்குகிறவளுக்குத்தானே தெரியும்!

அந்தச் சமயம் பார்த்து கோச்சடையில் ஒரு கல்யாண விருந்து. மேலக்கால் சாலையில் இருக்கும் ஹெரிடேஜ் மதுரை ஹோட்டல். மத்தியான வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே நுழைந்ததும் கருங்கல் சுவரும் மர நிழலும் சேர்ந்து உடம்பே லேசாகிவிட்டது. ஏ.சி. போலிருக்கிறது என்று சுற்றிப் பார்த்தால், நான் நிற்பது திறந்த தாழ்வாரம்!

கட்டடக் கலை படிக்கும் என் தங்கை மகள் சிரித்தாள். "பெரியம்மா, இது சிலோன்காரர் ஜெஃப்ரி பாவா பண்ணினது. 1970-களோட ஆரம்பத்துல மதுரா கோட்ஸ் மில் ஆபீசர்களுக்காகக் கட்டின கிளப்பு." நாற்பது வருஷத்துக்கு மேல் மதுரையிலேயே குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியவில்லை பாருங்கள். மறுவாரமே அவளிடம் ஒரு புத்தகத்தை வாங்கி வந்து, புரியாத இடத்தை அவளையே கேட்டுக் கேட்டுப் படித்தேன்.

பாவா 1919-ல் கொழும்பில் பிறந்தவர். முதலில் வக்கீல். 1948-ல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கி, லுனுகங்கா என்று பெயர் வைத்து, மரமும் மேடும் பள்ளமுமாகத் திருத்த ஆரம்பித்தார். அந்த ஆசைதான் அவரைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. லண்டனில் படித்துக் கட்டடக் கலைஞராகத் தேறியபோது வயது 38! 'இனிமே என்னத்தைப் படிக்க' என்று நாம் சலித்துக்கொள்கிற வயசு.

தோட்டத்திலிருந்து வந்தவர் அல்லவா, திறந்த வெளியை அவர் மிச்சம் மீதியாக நினைக்கவே இல்லை. மரமும் காற்றும் வெளிச்சமும் எங்கே என்று பார்த்துக்கொண்டுதான் சுவர் எங்கே என்று யோசிப்பார். 1960-களின் தொடக்கத்தில் எனா டி சில்வா என்ற பாத்திக் துணிக் கலைஞருக்குக் கொழும்பில் ஒரு வீடு கட்டினார். நகரத்துக்குள் சின்ன மனைதான். ஆனாலும் நடுவில் பெரிய முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும். நம் பாட்டி வீட்டுக் கணக்குத்தான்! புதுமோஸ்தர் வீடு என்றால் நாலு பக்கமும் அடைத்த பெட்டி என்றிருந்த நாளில், அது இலங்கையில் பலருக்குக் கண்ணைத் திறந்தது. அவர் தமக்கு அமைத்துக்கொண்ட கொழும்பு வீடும் வரிசையாக நாலு சின்ன வீடுகளை ஒன்று சேர்த்ததுதான். இடையிடையே குட்டிக் குட்டி முற்றங்கள் வைத்து, வெளிச்சம் மேலேயிருந்து இறங்கும்படி செய்திருக்கிறார். சிம்மக்கல் பக்கம் ரயில் பெட்டி மாதிரி நீள வீட்டில் பகலிலும் லைட் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மழைக்கும் வெயிலுக்கும் அவர் ஒரு வழி செய்தார். அடியில் நெளி சிமெண்டு ஷீட், அதன்மேல் பழைய மாதிரி மண் ஓடு. ஒழுகாது, கொதிக்கவும் செய்யாது. (அந்தக் காலத்து ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஆகையால் அந்த ஷீட்டை மட்டும் நாம் காப்பியடிக்க வேண்டாம்.)

வகுப்பறையில் நின்று பாடம் நடத்திப் பெயர் வாங்கியவர் அல்ல அவர். தமது கட்டடங்களைப் பற்றி எழுதுவதும் பேசுவதும்கூட அவருக்குப் பிடிக்காது. போய் நடந்து பார்த்தால்தான் தெரியும் என்பார். ஆனால் அவருடைய அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அதுவே பள்ளிக்கூடம். அங்கே வரைகிற வரைபடங்களில் மரத்தைச் சும்மா ஒரு வட்டமாகப் போட்டுவிட முடியாது. கிளையும் இலையுமாக வரைய வேண்டும். வரைகிற பையன் அந்த மரத்தை நின்று பார்த்தே தீர வேண்டுமே! இஞ்சினியர் பூலோகசுந்தரம், எனா போன்ற கைவேலைக்காரர்கள் எல்லாம் சேர்ந்த கூட்டம் அது. பெந்தோட்டையில் பாவா கட்டிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்து விதானம் எனாவின் பாத்திக் துணிகள்தான். அந்த வழியில் வந்த தமிழர் அஞ்சலேந்திரன், வீட்டுத் தாழ்வாரத்தையே அலுவலகமாக்கி, நாலைந்து மாணவர்களுக்கு மேல் சேர்க்காமல் வேலை கற்றுக் கொடுத்தவர். இலங்கையின் பாராளுமன்றக் கட்டடமும் (1982) கந்தலம ஹோட்டலும் பாவாவுக்கு உலகப் புகழ் தந்தன. 2003-ல் காலமானார்.

இதையெல்லாம் நான் வீட்டில் சொன்னபோது, "அவருக்கென்ன, பணக்காரர். நமக்கு ரூம் வேணும்ல?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் கேட்டதும் நியாயம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை மகள் கயிறும் செங்கல்லுமாக வந்துவிட்டாள். வரப்போகிற ரூமை முற்றத்தில் அப்படியே கயிறு கட்டி அளந்தாள். மேலே கான்கிரீட்டுக்குப் பதிலாகப் பழைய போர்வைகளைக் கட்டினோம். அவ்வளவுதான்! அடுப்படி மத்தியானமே இருட்டிவிட்டது. தாளித்த நெடி போக வழியில்லாமல் வீடு பூராவும் சுற்றியது. மாமியார் படுக்கிற மூலையில் காற்று அசையவில்லை. சூடான காற்று மேலே ஏறிப் போகிற புகைபோக்கி மாதிரி அந்த முற்றம் இத்தனை வருஷம் வேலை செய்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு மணி நேரம் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், தாமே எழுந்து போர்வையை அவிழ்த்தார்.

ரூம் பின்கட்டில் வரப்போகிறது, பழைய மாட்டுக் கொட்டில் இருந்த இடத்தில். கொஞ்சம் சின்னதுதான். செலவும் இழுக்கும், அஸ்திவாரத்திலிருந்து கட்ட வேண்டும் அல்லவா? முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பியும் கொசு வலையும் போடச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் போகிற தூம்பையும் கொத்தனார் சரி பண்ணித் தருகிறார்.

கயிற்றைச் சுருட்டப் போன தங்கை மகளை மாமியார் தடுத்துவிட்டார்.

"அத அவுக்காத தாயி. வத்தல் காயப்போட்டா காக்கா வராம துணி கட்ட ஆகும்."