ஆறு சிலிண்டரும் ஆயுளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

லாரி எஞ்சினைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவானேன் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். ‘அலைவுகளும் அதிர்வுகளும்’ என்ற பாடத்தை மூன்று மாதம் படித்துவிட்டு, சாலையில் உறுமிச் செல்லும் லாரியைக் காதில் வாங்காமல் போவதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. தவிரவும், என் தந்தையார் கிளீனராகத் தொடங்கி ஓட்டுநரானவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஏறியது அந்த லாரி வாடகையில்தான்.

நம் நாட்டு லாரிகளுக்கு நெடுங்காலம் சோறு போட்டது ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் டீசல் எஞ்சின். டாடா நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. அந்த மரபில் வந்த 697 எஞ்சினின் பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது: ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டனின் வீச்சு 128 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 5,675 கன செ.மீ. வரும்.

ஏன் ஆறு? நாலு போதாதா? இங்கேதான் பௌதிகம் வருகிறது. கிராங்க் ஷாப்ட் ஒரே சீராகச் சுற்றினாலும் பிஸ்டன் சீராக நகர்வதில்லை. கனெக்டிங் ராடு சாய்வதால், வழியின் மேல்பாதியை விரைவாகவும் கீழ்ப்பாதியைச் சற்று மெதுவாகவும் கடக்கிறது. இதனால் சுற்றுக்கு இரண்டு முறை ஓர் உதறல் பிறக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சினில் நான்கு பிஸ்டன்களின் உதறலும் ஒரே திசையில் கூடிவிடும். நிமிடத்திற்கு 2,400 சுற்று என்றால் விநாடிக்கு 80 உதறல்! அதை அடக்கத் தனித் தண்டுகள் வைக்கலாம். அவையும் தேயும் உறுப்புகளே. வரிசை ஆறிலோ கிராங்க் முனைகள் 120 பாகை இடைவெளியில் நிற்கின்றன. ஒன்றும் ஆறும் ஜோடி, இரண்டும் ஐந்தும் ஜோடி, மூன்றும் நான்கும் ஜோடி. விசைகளைக் கூட்டினால் விடை பூச்சியம். முன்பாதியும் பின்பாதியும் கண்ணாடிப் பிம்பம்போல் இருப்பதால் எஞ்சின் முன்னும் பின்னும் ஊசலாடுவதும் இல்லை. 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரிபொருள் எரிய, 120 பாகைக்கு ஒரு தள்ளு கிடைக்கிறது. பேரிங்குக்கும் கியர் பெட்டிக்கும் அடி குறைகிறது.

குறையும் உண்டு. எஞ்சின் நீளம், கிராங்கும் நீளம். நீளமான தண்டு முறுக்கி அதிரும். அதற்காகவே முன்முனையில் டாம்பர் வைக்கிறார்கள். டர்போ பொருத்திய நாலு சிலிண்டர் எஞ்சின்கள் விலையிலும் எடையிலும் சிக்கனமானவை. நடுத்தர லாரிகளில் இன்று அவை ஏராளம். அவற்றைப் பழிக்க நான் வரவில்லை.

ஆனால் ஆயுள் என்று நாம் எதைச் சொல்கிறோம்? எத்தனை கிலோமீட்டர் பழுதின்றி ஓடியது என்று மட்டும் கணக்கிடுகிறார்கள். பழைய ஆறு சிலிண்டர் எஞ்சின் புகழ்பெற்றதற்குப் பாதிக் காரணம், அதைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்ட முடிந்ததே என்பது என் கருத்து. லைனர் தேய்ந்தால் புதிய லைனர். லைனர் இல்லாத கம்மின்ஸ் பி வரிசை போன்றவற்றில் துளையைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன். கிராங்க் தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் சாணை பிடித்து அதற்கேற்ற மெட்டல். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் மைக்ரோமீட்டர் பிடித்து இதைச் செய்தார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் எத்தனை பேருக்கு அக்கருவியில் சுழிப்பிழை பார்க்கத் தெரியும் என்று கேட்டு நண்பர்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. பம்பின் இடத்தைக் கணினி ஆளும் காமன் ரெயில் முன்பே பிடித்துவிட்டது. இப்போது புகைக்கரி வடிகட்டி, யூரியாக் கரைசல் தொட்டி, குழாய்தோறும் உணரி. இவை வேண்டியவையே. அந்தப் புகையை முதலில் குடிப்பவர் ஓட்டுநர்தாம். ஆனால், சென்ற ஆண்டு எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் லாரி, விளக்கு ஒன்று எரிந்து, இழுவை குறைந்து, சுமையோடு மூன்று நாள் நின்றது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, உணரி ஒன்றுதான் கெட்டிருந்தது. அதைக் கண்டு சொல்லும் கருவியும் கடவுச்சொல்லும் பணிமனைக்காரரிடம் மட்டுமே இருந்தன. மூன்று நாள் வாடகை போனால் மாதத் தவணை தவறும். தவணை தவறினால் வட்டிக்கு வட்டி. ஒற்றை லாரி வைத்திருப்பவர் வீட்டில் அது பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் போய் முடியும்.

நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ‘பழுது பார்க்கும் உரிமை’ குறித்துக் குழு அமைத்தபோது, மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்தது. அது நல்ல தொடக்கம். கோளாறு எண்களின் பொருளையும் அளவு விவரங்களையும் நியாயமான விலையில் எந்த மெக்கானிக்குக்கும் தயாரிப்பாளர்கள் தரவேண்டும் என்பதைச் சட்டமாகவே ஆக்கவேண்டும். நம் மெக்கானிக்குகளுக்குப் புரியாது என்பவர்கள், அவர்கள் கிராங்க் சாணை பிடிப்பதை ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

அடுத்த ஆண்டு நம் இயற்பியல் மன்றக் கூட்டத்திற்கு அப்படி ஒரு மெக்கானிக்கை அழைத்து, பழைய கிராங்க் ஷாப்ட் ஒன்றை மேசைமேல் வைத்துப் பேசச் சொல்லலாம். துறைத் தலைவர் இசைவு தந்தால், கிராங்க் ஷாப்டைக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு.