மரக்கணக்கு வேறு, காட்டுக்கணக்கு வேறு

கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரியமும் அமைக்க, ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காட்டை விட்டுக்கொடுக்க 2022-இல் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. அதற்கு ஈடாக மரம் வளர்க்க முன்மொழியப்பட்ட மாநிலம் ஹரியாணா. ஈரம் சொட்டும் தீவுக்காட்டுக்கு, மழை குறைந்த வடக்கத்திச் சமவெளி ஈடாகுமா? ஆகும் என்று நம்ப, காடு என்பது மரங்களின் கூட்டுத்தொகை என்று முதலில் நம்ப வேண்டும்.

காட்டின் உயிர்வளம் மரங்களின் எண்ணிக்கையால் வருவதில்லை. தரையிலிருந்து உச்சிக்கிளை வரை ஒளியும் ஈரமும் வெப்பமும் அடுக்கடுக்காக மாறுவதால், ஒரே இடத்தில் பலவகை உயிர்கள் ஒன்றையொன்று நெருக்காமல் வாழ முடிகிறது. தாய்மரத்தின் அடியில் முளைக்கும் கன்றுகளை அந்த மரத்துக்கே உரிய பூச்சிகளும் பூஞ்சைகளும் தாக்கி அழிப்பதால், தொலைவில் விழுந்த விதைக்கே வாய்ப்பு அதிகம். அதனால் எந்த ஒரு மரவகையாலும் காட்டை முழுதாகக் கைப்பற்ற முடிவதில்லை. ஜான்சன், கானல் என்ற இரு அறிவியலாளர்கள் 1970, 1971-இல் தனித்தனியே முன்வைத்த இக்கருத்துக்குப் பிற்கால ஆய்வுகள் பலவும் சான்று தருகின்றன. விதையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல விலங்கும் பறவையும் வேண்டும். ஆனைமலையில் அந்த வேலையைச் செய்யும் இருவாச்சி, முதிர்ந்த பெருமரத்தின் பொந்தில்தான் குஞ்சு பொரிக்கும். அத்தகைய பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். அதை எந்த நாற்றங்காலும் விற்பதில்லை.

எந்த மரமானாலும் பசுமைதானே, கரியமில வாயுவை உறிஞ்சுமே என்று கேட்கலாம். உறிஞ்சும், ஆனால் நீலகிரியின் புல்வெளிகளில் கற்பூர மரத்தையும் சீகையையும் நட்டபோது மரம் பெருகியது, வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. விறகுக்கும் காகிதக்கூழுக்கும் தோப்புகள் தேவை என்பதும் நியாயம்தான். அவற்றைத் தோப்பு என்றே பதிவு செய்யட்டும். ஆனால் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து விழுக்காடு மரக்கவிகை இருந்தாலே, பழத்தோட்டத்தையும் வனப்பரப்பில் சேர்க்கிறது இந்திய வன ஆய்வு நிறுவனம். அழிந்த காட்டை மீட்க முடியாதா என்றால், ஓரளவு முடியும். வால்பாறைப் பகுதியில் சிதைந்த மழைக்காட்டுத் துண்டுகளில் அந்த மண்ணுக்குரிய மரங்களையே நட்டு மீட்டு வருகிறார்கள். அருகில் எஞ்சிய காடும், விதை கொண்டுவரும் உயிர்களும் இருப்பதால்தான் அந்த முயற்சிக்குப் பலன் கிடைக்கிறது.

ஆகவே வனப்பரப்பு அறிக்கைகள் இயற்கைக் காட்டையும் தோப்பையும் தனித்தனியே காட்ட வேண்டும். மரம் நடும் வாக்குறுதியைக் காடழிப்பு அனுமதிக்கான காரணமாக ஏற்கக் கூடாது. தவிர்க்கவே முடியாத இழப்பு என்றால், ஈடு அதே நிலப்பகுதியின் சிதைந்த காட்டை மீட்பதாக இருக்கட்டும்.