சரக்கு சூரத்தில், பழி சென்னைப் பெண் தலையில்!

"கடை வேண்டாம்! முதல் வேண்டாம்! வீட்டில் உட்கார்ந்தபடியே மாதம் 30 ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கலாம்!"

செல்போனைத் திறந்தால் போதும். இப்படி ஆசை காட்டும் விளம்பரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மின்சார ரெயிலில் போகிற குமாஸ்தா பார்க்கிறார். மளிகைக் கடைப் பையன் பார்க்கிறான். அடுப்படியில் நிற்கிற குடும்பத் தலைவியும் பார்க்கிறார்.

இந்த வியாபாரத்துக்கு "டிராப் ஷிப்பிங்" என்று பெயர்.

அது என்ன வியாபாரம்?

விற்பவர் கையில் ஒரு சேலைகூட இருக்காது. சூரத்தில் உள்ள மொத்த வியாபாரி படம் அனுப்புவார். அந்தப் படத்தை இவர் வாட்ஸ்அப்பில் போடுவார். 400 ரூபாய் சேலைக்கு 600 ரூபாய் விலை சொல்வார். ஆர்டர் வந்ததும், வாங்குகிறவரின் முகவரியைச் சூரத்துக்குத் தட்டிவிடுவார். பார்சல் அங்கிருந்து நேரே வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்விடும். நடுவில் நின்றவருக்கு லாபம்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. சென்னைக்கு இது புதிதும் அல்ல. கோடவுன் தெருவில் புரோக்கர்கள் இல்லையா? ஆனால் அந்தப் புரோக்கர் துணியைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். செல்போன் வியாபாரத்தில் விற்பவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. வாங்குபவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. வம்பு அங்கேதான் ஆரம்பம்.

கணக்கைப் பாருங்கள்

வியாசர்பாடியில் ஒரு பெண் இந்தத் தொழிலில் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சேலைக்கு ஆர்டர் வருகிறது. எல்லாம் பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் "கேஷ் ஆன் டெலிவரி".

சேலை 400 ரூபாய். கூரியர் 80 ரூபாய். 600 ரூபாய்க்கு விற்றால் சேலைக்கு 120 ரூபாய் மிச்சம். பத்தும் போய்ச் சேர்ந்தால் 1,200 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

ஆனால் 3 பேர் "வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிடுகிறார்கள். பார்சல் திரும்புகிறது. போன கூலி 80, வந்த கூலி 70. மூன்றுக்கும் சேர்த்து 450 ரூபாய் தண்டம். 7 சேலையில் கிடைத்த 840 ரூபாயில் அதைக் கழித்தால் மிச்சம் 390. விளம்பரத்துக்கு 500 ரூபாய் கட்டியிருந்தால், கையை விட்டு 110 ரூபாய் நஷ்டம்!

இத்தனைக்கும், திரும்பி வந்த சேலைகளை மொத்த வியாபாரி பேசாமல் எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு. "விற்றது விற்றதுதான்" என்று அவர் சொல்லிவிட்டால் இன்னும் 1,200 ரூபாய் அம்போ!

சண்டை வாசலில்

பணம் போனால் சம்பாதிக்கலாம். பெயர் போனால்?

வாங்குகிறவர்கள் யார்? பக்கத்து வீட்டு அக்கா, குழாயடி சிநேகிதி, ஓரகத்தியின் தங்கை. படத்தில் பட்டுப்போல மின்னிய சேலை, ஒரு சலவையில் சாயம் போனால் அவர்கள் சூரத்துக்கா போவார்கள்? நேரே இந்தப் பெண்ணின் வாசலுக்குத்தான் வருவார்கள். "ஏமாத்திட்டியேடி!" என்பார்கள். சூரத்துக்காரரோ போனை எடுக்கமாட்டார்.

சட்டமும் விற்றவரைத்தான் கேட்கும். ஆன்லைன் வியாபாரத்துக்கு 2020-ம் ஆண்டில் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்தன. ஓட்டைச் சரக்கையோ, சொன்னதற்கு மாறான சரக்கையோ கொடுத்துவிட்டுத் திருப்பி எடுக்கமாட்டேன் என்று விற்பவர் சொல்லக்கூடாது. "நான் வெறும் புரோக்கர்" என்று கம்பி நீட்ட முடியாது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, வாங்கியவர் தன் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

வரி இன்னொரு கண்ணி. மாநிலத்துக்குள் மட்டும் ஆன்லைன் தளங்கள் வழியாகச் சரக்கு விற்கும் சிறு வியாபாரிகளுக்கு, ஜி.எஸ்.டி. பதிவில் 2023 அக்டோபர் 1 முதல் சலுகை உண்டு. வெளிமாநிலத்துக்கு விற்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இதை எந்த விளம்பரம் சொல்கிறது?

பாடம் நடத்தும் புள்ளிகள்

இந்தத் தொழிலில் நஷ்டமே இல்லாத ஆசாமிகளும் உண்டு. அவர்கள் சேலை விற்பதில்லை. "சேலை விற்பது எப்படி?" என்ற பாடத்தை விற்கிறார்கள்! ஆயிரக்கணக்கில் கட்டணம். கூடவே "ரகசிய சப்ளையர் பட்டியல்" என்று ஒரு தாள். அதில் உள்ள நம்பருக்கு முன்பணம் அனுப்பினால், சில சமயம் பட்டை நாமம்தான்.

அதிகாரிகள் இவர்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஏமாந்த பெண்ணைக் கேள்வி கேட்பதற்கு முன், ஆசை காட்டியவனைக் கேளுங்கள். "மாதம் 30 ஆயிரம் நிச்சயம்" என்று சொல்பவன் அதை நிரூபிக்க வேண்டாமா?

என்ன செய்யலாம்?

தொழில் செய்ய விரும்புகிறவர்கள் பயந்து ஓட வேண்டாம். முதலில் ஒரு சேலையைத் தன் காசில் வரவழைத்துத் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். சரக்கு திரும்பினால் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பில் தராத ஆளிடம் கொள்முதல் வேண்டாம். முன்பணம் வாங்கிக்கொண்டு டிமிக்கி கொடுத்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். சரக்கு மோசம் என்று புகார் சொல்ல வாங்குகிறவர்களுக்கு 1915 இருக்கிறது.

சூரத் எங்கேயும் போய்விடாது. ஆனால், கோடவுன் தெரு பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. நேரில் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்து, கடைக்காரர் முகத்தையும் பார்த்துப் பேசலாம். சாயம் போனால் திரும்பப் போய்க் கேட்க ஒரு கதவாவது இருக்கும்.

முதல் இல்லாத வியாபாரம் என்று எதுவும் இல்லை. இதில் போடும் முதல், அக்கம்பக்கத்தார் வைத்திருக்கும் நம்பிக்கை. அதைப் படத்தை மட்டும் பார்த்து அடகு வைக்கலாமா?