மறதிநோயாளர் வழிதவறிச் செல்லுதல்: பூட்டு மட்டும் தீர்வாகாது

மறதிநோய் (டிமென்ஷியா) உள்ள முதியவர் சொல்லாமல் வெளியேறுவது நோயின் அறிகுறி. அதற்காக அவரையோ உங்களையோ குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். 2023-இல் வெளியான தேசிய ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர்.

ஏன் செல்கிறார்கள்?

இந்நோயில் புதிய நினைவுகள் முதலில் அழிகின்றன. பழையவை நெடுநாள் நிலைக்கின்றன. விளைநிலங்கள் குடியிருப்புகளாகிவிட்ட மாங்காடு போன்ற புறநகரில், முதியவரின் மனத்திலுள்ள தெருவும் கண்முன் உள்ள தெருவும் வெவ்வேறு. பழைய வீட்டையோ வேலையிடத்தையோ தேடி அவர் புறப்படலாம். பசி, வலி, கழிப்பறை தேடுதல், மாலை நேரப் பதற்றம் ஆகியவையும் காரணமாகலாம். இப்பழக்கம் திடீரெனத் தொடங்கினால் நோய்த்தொற்றோ மருந்தின் விளைவோ இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• வெளியேற முயலும் நேரத்தைக் குறித்துவையுங்கள். அதற்கு முன்பே உணவு, கழிப்பறை, துணையுடன் சிறுநடை ஆகியவற்றை முடித்துவிடுங்கள்.
• கதவில் மணி கட்டுங்கள். செருப்பையும் பையையும் கண்ணில் படாமல் வையுங்கள்.
• தனியே விட்டுப் பூட்டாதீர்கள். தீ விபத்தில் அது உயிரைப் பறிக்கும்.
• சட்டை அல்லது சேலையின் உட்புறம் உங்கள் கைப்பேசி எண்ணைத் தைத்துவையுங்கள்.

ஊரும் காவலே

ஜப்பானில் 2023-இல் மட்டும் 19,039 மறதிநோயாளர்கள் காணாமற்போனதாகக் காவல்துறையில் பதிவானது. அங்குள்ள குஷிரோ நகரம், 1990-களிலேயே டாக்சி ஓட்டுநர்களையும் உள்ளூர் வானொலியையும் தேடும் பணியில் இணைத்தது. அதையே சிறிய அளவில் நீங்களும் செய்யலாம். அண்டை வீட்டார், ஆட்டோ நிறுத்தம், தேநீர்க் கடை, காமாட்சியம்மன் கோயில் வாசல் பூக்கடைக்காரர் ஆகியோரிடம் முதியவரின் படத்தைக் காட்டி, உங்கள் எண்ணைக் கொடுத்துவையுங்கள். நோயை மறைத்தால் இந்த உதவி கிட்டாது.

காணவில்லை எனில்

வீடு, மாடி, அக்கம்பக்கம், கிணறு, நீர்நிலை ஆகியவற்றைப் பதினைந்து நிமிடம் தேடுங்கள். கிடைக்காவிடில் உடனே 112-ஐ அழையுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதி ஏதுமில்லை. அண்மைக்காலப் படம், உடையின் நிறம், பழைய முகவரி ஆகியவற்றைத் தெரிவியுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐயும் நாடலாம்.

திரும்பியவரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அச்சம் மட்டுமே அவர் மனத்தில் எஞ்சும். உங்கள் மனச்சோர்வுக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண் உண்டு.