வங்கியில் ஒரு டாலருக்கே கிடைத்த டாலர் காசு: அமெரிக்கா மூடிய கவுன்ட்டர்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, பெட்டியின் ஏதோ ஒரு மூலையில் தங்க நிறத்தில் ஒரு காசு கிடப்பதுண்டு. ஒரு பக்கம் அதிபர் ஒருவரின் முகம், மறுபக்கம் சுதந்திர தேவி சிலை. ‘இது தங்கமா? வித்தா லட்சம் வருமா?’ என்பதுதான் வீட்டில் முதல் கேள்வி. தங்கம் இல்லை. உள்ளே செம்பு, மேலே மாங்கனீசு கலந்த பித்தளை, எடை 8.1 கிராம். கைமாறிப் புழங்கிய காசு என்றால் மதிப்பு பெரும்பாலும் அதே ஒரு டாலர்தான்.

விலைக் கதை அவ்வளவுதான். அந்தக் காசு மக்கள் கைக்கு வந்த வழிதான் சுவாரசியமானது. 2007 முதல் 2011 வரை, புதிய டாலர் காசு வெளியாகும் நாளில் சேகரிப்பாளர்கள் தங்கள் ஊர் வங்கிக் கிளைக்குப் போய், ஒரு டாலர் தாளைக் கொடுத்து ஒரு டாலர் காசு வாங்கினார்கள். கூடுதலாக ஒரு சென்ட் கூடக் கிடையாது. அந்த வழி இன்று இல்லை. அதை மூடியதில் பாதி நியாயம் இருக்கிறது, பாதி இல்லை.

2005 டிசம்பரில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம்தான் தொடக்கம். ஆண்டுக்கு நான்கு அதிபர்கள், பதவி வகித்த வரிசைப்படி. இறந்து இரண்டு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். இதற்கு முன்மாதிரி, 1999-ல் தொடங்கிய மாநிலக் கால் டாலர் காசுகள். ஆண்டுக்கு ஐந்து மாநிலம் என்று பத்து ஆண்டுகள் வெளிவந்த அவற்றைக் குழந்தைகள் முதல் தாத்தாக்கள் வரை அட்டையில் சொருகிச் சேர்த்தார்கள். கால் டாலருக்கு நடந்தது முழு டாலருக்கும் நடக்கும் என்று நாடாளுமன்றம் நம்பியது. ஆனால், கால் டாலர் தானாகவே சில்லறையாகக் கையில் வந்து விழும். டாலர் காசு அப்படி வராது, தேடித்தான் போக வேண்டும்.

முதல் காசு ஜார்ஜ் வாஷிங்டன். 2007 பிப்ரவரி 15-ல் வெளியானது. இரண்டு நாணயச்சாலைகளிலும் சேர்த்து சுமார் 34 கோடி காசுகள் அச்சிடப்பட்டன. வங்கிகள் இதை நேரடியாக நாணயச்சாலையிடம் வாங்க முடியாது, ஃபெடரல் ரிசர்வ் வழியாகத்தான் கேட்க வேண்டும். ஒரு ரோலில் 25 காசு, பெட்டியாக வாங்கினால் நூற்றுக்கணக்கில் வரும். புதிய வடிவம் வரும்போது பழையதோடு கலக்காமல் தனியாகக் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்று சட்டமே சொன்னது.

ஏட்டில் இருந்தது இது. கவுன்ட்டரில் நடந்தது வேறு. ‘நாங்க ஆர்டர் போடலையே’ என்பதுதான் பல கிளைகளில் சேகரிப்பாளருக்குக் கிடைத்த பதில். கிளை மேலாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் தப்பும் சொல்ல முடியாது. ஒருவருக்கு இரண்டு ரோல் கொடுக்க முழுப் பெட்டியை வரவழைத்தால் மீதியை என்ன செய்வது? கடைக்காரர் வாங்க மாட்டார். கல்லாப்பெட்டியில் இந்தக் காசுக்கென்று தனிக் குழி பெரும்பாலும் இருக்காது. மீண்டும் பாதுகாப்பு வண்டியில் ஏற்றி ஃபெடரல் ரிசர்வுக்கே அனுப்ப வேண்டும். அதனால் அனுபவப்பட்டவர்கள் வெளியீட்டுக்கு முன்பே காசாளரைப் பழக்கம் பிடித்துச் சொல்லி வைத்தார்கள். கிழக்கு மாநிலங்களில் இருந்தவர்களுக்கு இன்னொரு தலைவலி: அங்கே வருவது பெரும்பாலும் ஃபிலடெல்ஃபியாவில் அச்சான காசு. டென்வர் காசு வேண்டுமென்றால் மேற்கே ஒரு நண்பர் இருக்க வேண்டும், அல்லது மாற்றிக்கொள்ள ஆள் தேட வேண்டும்.

வங்கிக்கு அலைவதற்குக் காரணம் வெறும் சிக்கனம் மட்டும் அல்ல. வங்கி ரோலைப் பிரிக்கும்போது உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. வாஷிங்டன் காசில் ஆண்டும், ‘கடவுள்மேல் நம்பிக்கை’ வாசகமும் முகப்பில் இல்லை, விளிம்பில் இருந்தன. காசு அச்சான பிறகு வேறொரு இயந்திரத்தில் போட்டு விளிம்பு எழுத்தைப் பதித்தார்கள். அந்த இரண்டாவது இயந்திரத்துக்குப் போகாமலேயே ஆயிரக்கணக்கான காசுகள் வெளியே வந்துவிட்டன. பத்திரிகைகள் அதற்கு ‘கடவுள் இல்லாத டாலர்’ என்று பெயர் வைத்தன. முதல் சில நாட்களில் ஒரு காசு நூற்றுக்கணக்கான டாலருக்குப் போனது. நிறையவே இருக்கிறது என்று தெரிந்ததும் விலை மளமளவென்று இறங்கியது. (எழுத்து தலைகீழாக இருப்பதும் பிழை என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. ஏமாற வேண்டாம். விளிம்பு இயந்திரத்துக்குள் காசு எந்தப் பக்கமாக விழுகிறதோ அப்படித்தான் எழுத்து விழும். பாதிக்குப் பாதி அப்படித்தான் இருக்கும்.) 2009 முதல் அந்த வாசகம் முகப்புக்கே வந்துவிட்டது.

அப்புறம் என்ன கெட்டுப்போனது?

மூல காரணம் எளிமையானது: டாலர் தாளை நிறுத்தவில்லை. கனடா 1987-ல் டாலர் காசு கொண்டுவந்து இரண்டே ஆண்டில் தாளை நிறுத்தியது. பிரிட்டன் 1983-ல் பவுண்டு காசு கொண்டுவந்து 1988-ல் தாளை விலக்கியது. தாள் போனதும் மக்கள் காசுக்குப் பழகினார்கள். அமெரிக்காவோ 1979-ல் சூசன் பி. ஆண்டனி காசு, 2000-ல் சகாகவேயா காசு, 2007-ல் அதிபர் காசு என்று மூன்று முறை முயன்றது. மூன்று முறையும் தாளைத் தொடத் துணியவில்லை. சட்டைப்பையில் கனமில்லாத தாள் இருக்கும்போது யார் காசைத் தூக்குவார்கள்? டாலரையே தன் பணமாக ஏற்றுக்கொண்ட ஈக்வடாரில் சகாகவேயா காசு தெருக்கடையில் தாராளமாகப் புழங்குகிறது. அப்படியானால் குறை காசில் இல்லை.

புழங்காத காசை வருடம் நான்கு வடிவத்தில் அச்சடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னதால், கிடங்கு நிறைந்தது. அதைக் குறைக்க நாணயச்சாலை 2008-ல் நேரடி விற்பனை தொடங்கியது. 250 காசு கொண்ட பெட்டி, விலை 250 டாலர், தபால் செலவு அரசுடையது. உடனே ஒரு கூட்டம் கணக்குப் போட்டது. கிரெடிட் கார்டில் பெட்டி பெட்டியாக வாங்குவது, விமானப் பயணப் புள்ளிகளைச் சேர்ப்பது, பெட்டியைப் பிரிக்காமலே வங்கியில் கட்டுவது, அந்தப் பணத்தில் கார்டு பாக்கியை அடைப்பது. காசு வந்த வேகத்திலேயே ஃபெடரல் ரிசர்வுக்குத் திரும்பியது. இவர்களுக்கு ஓசியில் விமானப் பயணம், தபால் செலவு மட்டும் அரசு கணக்கில். 2011 ஜூலையில்தான் கார்டு மூலம் வாங்குவதை நிறுத்தினார்கள். உண்மையான சேகரிப்பாளர் ஒரு ரோலுக்காகக் கிளை கிளையாக ஏறி இறங்கிய அதே காலத்தில் நடந்தது இது.

2011 டிசம்பரில் அன்றைய துணை அதிபர் ஜோ பைடனும் நிதியமைச்சர் டிமோத்தி கைத்னரும் அறிவித்தார்கள்: புழக்கத்துக்காக அதிபர் காசு அச்சிடுவது நிறுத்தம். கிடங்கில் கிடந்தவை 140 கோடி. வெளியே போனதில் நூற்றுக்கு நாற்பது திரும்பி வந்துகொண்டிருந்தது. நிறுத்தினால் ஆண்டுக்கு 5 கோடி டாலர் மிச்சம் என்றார்கள். கேட்பாரற்ற பண்டத்தைத் தொடர்ந்து அச்சடிப்பது எந்த அரசுக்கும் அழகில்லை. அந்த வகையில் முடிவு சரி.

ஆனால் அதோடு சேகரிப்பாளரின் கவுன்ட்டரும் மூடப்பட்டது. 2012-ல் செஸ்டர் ஆர்தர் முதல் எல்லாம் நாணயச்சாலையின் விற்பனைப் பட்டியலில் மட்டும், கூடுதல் விலையில். 2018-ல் தொடங்கிய ‘அமெரிக்கன் இன்னவேஷன்’ டாலர் காசுகளுக்கும் இதே கதிதான். 25 டாலர் முகமதிப்புள்ள ரோலுக்கு 30 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு காசு போதும் என்கிற பள்ளிப் பிள்ளை அங்கே வாடிக்கையாளரே இல்லை.

‘சேகரிப்பது சொந்த ஆசை, அதற்கு வரி கட்டுபவர் ஏன் செலவழிக்கணும்?’ என்ற வாதம் உண்டு. இதில்தான் கணக்கு இடறுகிறது. அந்தக் காலத்தில் ஒரு டாலர் காசை அச்சிடக் கால் டாலர் கூட ஆகவில்லை. அரசு அதை முழு டாலருக்குத் தருகிறது. வாங்கியவர் செலவழிக்காமல் அட்டையில் பத்திரப்படுத்தினால், மீதிப் பணம் வட்டி இல்லாமல் அரசிடமே தங்கிவிடுகிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்பவர்தான் நாணயச்சாலைக்குக் கிடைத்த மிக லாபகரமான வாடிக்கையாளர். நஷ்டம் வந்தது திரும்பி வந்த காசால். அதற்கான தண்டனை, திருப்பித் தராதவர் தலையில் விழுந்தது.

140 கோடி தேங்கியதற்கு மாற்று, சுத்தமாக நிறுத்துவது மட்டுமா? எவ்வளவு கேட்கிறார்களோ அவ்வளவு என்று சிறிய அளவில் அச்சிட்டு, சில ஃபெடரல் ரிசர்வ் கிளைகள் வழியாகவாவது முகமதிப்புக்கே கொடுத்திருக்கலாம். நடக்காத காரியமும் அல்ல. 2002 முதல் சேகரிப்பாளருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கென்னடி அரை டாலர், 2021-ல் மீண்டும் புழக்கத்துக்காக அச்சாகி வங்கிகளுக்குப் போனது. அரை டாலருக்குத் திறந்த கதவு முழு டாலருக்குத் திறக்காததற்குச் சரியான காரணம் எதுவும் தெரியவில்லை.

வாஷிங்டன் முதல் ஜேம்ஸ் கார்ஃபீல்டு வரை 20 காசுகளை வங்கியில் வெறும் 20 டாலருக்குச் சேர்த்தவர்களின் அட்டையில், சரியாகப் பாதி குழிகள் காலியாக நின்றன. வரிசை 2016-ல் ரீகனோடு முடிந்தது. 2020-ல் இன்னொரு சட்டத்தின் பேரில் மூத்த புஷ் சேர்ந்தார். மொத்தம் 40. ஜிம்மி கார்ட்டர் அப்போது உயிரோடு இருந்ததால் அவருக்குக் காசு வரவில்லை. அவர் 2024 டிசம்பரில் மறைந்தார். அவருக்கும் ஒன்று வர வேண்டுமென்றால் நாடாளுமன்றம் மறுபடி சட்டம் இயற்ற வேண்டும். அப்படி இயற்றும்போது, அந்த ஒரு காசையாவது வங்கிக் கவுன்ட்டரில் ஒரு டாலருக்குக் கொடு என்று கூடவே ஒரு வரி சேர்க்கலாம்.