கையெழுத்து வாங்கும் அமைதி நமக்கு வேண்டாம்

இளைஞர்கள்தான் அமைதித் தூதர்கள் என்று இப்போது எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். 2015 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை 2250 என்ற தீர்மானத்தையே நிறைவேற்றியது. 18 முதல் 29 வயதுள்ளவர்களுக்கு அமைதிப் பணியில் முடிவெடுக்கும் இடம் தர வேண்டும் என்கிறது அது. அதன் பிறகு பயிற்சி முகாம்களுக்குக் குறைவில்லை. தொப்பி, டி-ஷர்ட், சான்றிதழ், குரூப் போட்டோ. தீர்மானத்தோடு எங்களுக்குச் சண்டையில்லை தோழர்களே. அந்த 'முடிவெடுக்கும் இடம்' நம் ஊரில் எங்கே இருக்கிறது, அதன் கதவு யாருக்குத் திறக்கிறது என்றுதான் கேட்கிறோம்.

அந்த இடத்தின் பெயர் வட்டாட்சியர் அலுவலகம். கோவில் கொடையில் தகராறு, டீக்கடையில் அடி, சுடுகாட்டுப் பாதையில் முள்வேலி, எது நடந்தாலும் இரண்டொரு நாளில் அங்கே 'அமைதிப் பேச்சுவார்த்தை' கூடிவிடும். நடுவில் கோட்டாட்சியர், பக்கத்தில் வட்டாட்சியர், டிஎஸ்பி, இன்ஸ்பெக்டர். அடித்தவர்கள் 'ஒரு தரப்பு', அடிபட்டவர்கள் 'மறு தரப்பு'. இந்த இரண்டு சொல்லிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. நம் பக்கம் யாரைக் கூப்பிடுகிறார்கள்? அவர்கள் வயலில் கூலிக்குப் போகிற, அவர்களிடம் கடன்பட்ட பெரியவர்கள் நாலு பேரை. படித்த பையன் ஒருவன் எழுந்து சட்டத்தைப் பேசினால், "இளரத்தம், நீ வெளியே நில்லு தம்பி" என்பார்கள். பெண்களுக்கு அந்த வாசலும் கிடையாது. தெருக்குழாயில் முதல் வசவை வாங்கியவர்கள் அவர்கள்தான் என்றாலும்.

வெளியே நிற்கும் அந்தப் பையனை உள்ளே இருப்பவர்கள் மறந்துவிடுவதில்லை. அவனை வைத்துத்தான் பேரமே நடக்கிறது. நாம் வன்கொடுமைப் புகார் கொடுத்த கையோடு எதிர்த்தரப்பிடம் ஒரு புகார் வாங்கி எதிர்வழக்குப் போடுவார்கள். அதில் யார் பெயர் இருக்கும்? கல்லூரிக்குப் போகிறவன், போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறவன் பெயராகப் பார்த்து இருக்கும். பிறகு அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "பையன் எதிர்காலம் வீணாப் போயிடும்மா, நீங்க வாபஸ் வாங்குனா அவங்களும் வாங்கிடுவாங்க" என்று கனிவாகப் பேசுவார்கள். அந்தக் கனிவுக்குப் பெயர்தான் சமூக நல்லிணக்கம்! ஒரு தலைமுறை இளைஞர்களைப் பணயமாக வைத்து வாங்கிய அமைதியை, அதே இளைஞர்கள் முன்னின்று கட்டிக்காக்க வேண்டுமாம்.

இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் எதைக் கட்டின? மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சுவரைக் கட்டின. 1989 கலவரத்துக்குப் பின் எழுந்தது அந்தச் சுவர். அதை நியாயப்படுத்த ஆதிக்கச் சாதியினர் காட்டியதும் கலவரத்துக்குப் பிந்தைய ஓர் உடன்பாட்டைத்தான். சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை போராட வேண்டியிருந்தது. விழுப்புரம் மேல்பாதியில் பேச்சுவார்த்தை பல சுற்று நடந்தது. 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோவிலுக்குச் சீல் வைத்தார்கள். உள்ளே போக உரிமை கேட்டவருக்கும் அதை மறுத்தவருக்கும் ஒரே பூட்டு.

இந்தக் கூட்டங்களின் காகிதத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்பதற்கு ஒரு பதில் ஏற்கெனவே இருக்கிறது. 'மாதொருபாகன்' பிரச்சினையில் பெருமாள்முருகனை 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் இப்படி ஒரு கூட்டத்தில் உட்காரவைத்துத்தான் நிபந்தனையற்ற வருத்தம் எழுதி வாங்கினார்கள். அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலையில் சொல்லிவிட்டது. அது நம் சாதி வழக்கு இல்லைதான். ஆனால் கூட்டம் அதே கூட்டம், மேசை அதே மேசை. சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் அந்தத் தீர்ப்பைக் கட்டாயம் படியுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து சக மாணவர்களே வெட்டிய பிறகு, அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. டிவி விவாதமெல்லாம் கையில் கட்டும் கயிறும் நெற்றிப் பொட்டும் பற்றியே போனது. எல்லாச் சமூக மாணவர்களையும் சேர்த்து 'சமூக நீதி மாணவர் படை' அமைக்க வேண்டும், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கே கல்வி அதிகாரியாகவோ தலைமை ஆசிரியராகவோ போடக்கூடாது என்றெல்லாம் அதே அறிக்கை சொன்னதை எத்தனை பேர் விவாதித்தார்கள்? இளைஞர் தலைமை வேண்டும் என்பவர்கள் அங்கிருந்தல்லவா தொடங்கியிருக்க வேண்டும்!

நல்லெண்ணத்தோடு வரும் ஆதிக்கச் சாதி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. காலனிக்கு வந்து எங்களோடு சாப்பிட்டுப் படம் எடுக்காதீர்கள். சோறு எங்களிடம் இருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் சித்தப்பா இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், உங்கள் சாதிச் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். அமைதிப் பணிக்கு ஆள் பற்றாக்குறை அங்கேதான்.

நம் பையன்களுக்கும் சொல்கிறோம். அவர்கள் ரீல்ஸுக்குப் பதில் ரீல்ஸ், அரிவாளுக்குப் பதில் அரிவாள் வசனம் என்று ஸ்டேட்டஸ் வைப்பது எதிர்வழக்கு எழுதுகிறவருக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் சாட்சி. அருந்ததியர் தெருப் பிள்ளையை நம் தெருவில் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதையும் யோசியுங்கள். நம் பெயரைச் சொல்லிக் கட்டப்பஞ்சாயத்துப் பேசிக் கமிஷன் வாங்கும் தலைவர்களை அண்ணே என்று அழைப்பதையும் நிறுத்துங்கள்.

அடுத்த முறை ஊரில் அழைப்பு வந்தால் பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடவே போங்கள், பெண்களையும் அழைத்துக்கொண்டு. எஃப்ஐஆர் எண் என்ன, பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணத் தொகை வந்ததா, இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். வன்கொடுமை வழக்கைச் சமரசம் பேசி முடிக்கும் அதிகாரம் வட்டாட்சியருக்கும் கிடையாது, டிஎஸ்பிக்கும் கிடையாது. 15ஏ பிரிவு சாட்சிக்குப் பாதுகாப்புத் தருகிறது, ஜாமீன் விசாரணையில் நம் தரப்பைக் கேட்கச் சொல்கிறது. வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கு 4-ம் பிரிவு இருக்கிறது. படிக்காத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம். நகல் தராத காகிதத்திலும் வேண்டாம்.

கூட்டத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்பு விதி 17-ன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அது கடைசியாக எப்போது கூடியது, யார் யார் உறுப்பினர்கள், எத்தனை வழக்கில் நிவாரணம் பாக்கி, கூட்டக் குறிப்பின் நகல் எங்கே என்று பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு ஒன்றை இந்த வாரமே போடுங்கள். முப்பது நாளில் பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு எழுத நாங்கள் உடன் இருக்கிறோம்.