குளிசை உறையில் எழுதாத ஒரு வரி

போன வருசம் முகப்பருவுக்கு டொக்சிசைக்கிளின் எடுத்தேன். டொக்டர் துண்டு எழுதித் தந்தார். மருந்துக்கடையில் குளிசைகளை எண்ணி, சின்னக் கடதாசி உறைக்குள் போட்டுத் தந்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு என்று உறையில் பேனையால் எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

இரண்டாம் கிழமை எங்கட பீடத்துக்கு விளையாட்டுப் போட்டி. காலமையிலிருந்து பின்னேரம் வரைக்கும் மைதானத்தில்தான் நின்றேன். அன்றிரவு முகம், கழுத்து, புறங்கை எல்லாம் நெருப்புப் பட்ட மாதிரி எரிந்தது. மணிக்கூட்டு வாருக்குக் கீழே இருந்த தோலுக்கு மட்டும் ஒன்றுமில்லை. என்னோடு அதே வெயிலில் நின்ற பிள்ளைகள் அடுத்த நாள் வழமைபோல விரிவுரைக்குப் போனார்கள். வீட்டில் கிடைத்த ஒரே விளக்கம், "வெயிலுக்க நிண்டு கறுத்துப்போனாய், பார்."

மருந்தாளர் படிப்புப் படிக்கிற தோழி ஒருத்திதான் கேட்டாள்: "நீ ஏதும் குளிசை போடுறனியோ?" சொன்னேன். "அதுதான்" என்றாள்.

சில மருந்துகள் இரத்தத்தின் வழியாகத் தோலுக்கும் போய்ச் சேருகின்றன. வெயிலில் இருக்கிற புறஊதாக் கதிரை, அதிலும் யூவிஏ என்கிற வகையை, அவை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய சக்தியைப் பக்கத்திலிருக்கிற கலங்களுக்கு மேல் கொட்டிவிடும். அதனால் மற்றவருக்கு ஒன்றும் செய்யாத வெயில் எங்களைச் சுடும். யூவிஏ யன்னல் கண்ணாடிக்குள்ளாலும் வரும். பஸ்ஸில் யன்னல் கரையில் இருந்து போனாலும் படும். டொக்சிசைக்கிளின் மட்டுமில்லை. கிருமித்தொற்றுக்குத் தருகிற சிப்ரோபுளொக்சசின், கால் வீக்கத்துக்குத் தருகிற ஃபியூரோசமைட் எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

ஆனால் தோல் சுடுவது வேறு, புற்றுநோய் வருவது வேறு. சுடுகிற மருந்தெல்லாம் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று ஆரும் சொன்னால் நம்பாதீர்கள். தொடர்பு தெளிவாகத் தெரிந்தவை சிலதான். ஒன்று சொராலென். எங்கட சித்த வைத்தியத்தில் வெண்புள்ளிக்குப் பயன்படுத்துகிற கார்போகரிசியில் இருப்பதும் இதே வகைப் பொருள்தான். சொராலெனைக் கொடுத்து யூவிஏ விளக்கின் கீழ் வைக்கிற சிகிச்சைக்குப் பூவா என்று பெயர். அந்தச் சிகிச்சை பெற்ற 1,380 சொரியாசிஸ் நோயாளிகளை 1970களின் நடுவிலிருந்து அமெரிக்காவில் பல வருசம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சிகிச்சைத் தடவைகள் கூடக்கூடத் தோல் புற்றுநோயும் கூடியது.

இன்னொன்று எங்கட வீட்டு அலுமாரிக்குள்ளேயே இருந்தது. ஹைட்ரோகுளோரோதயசைட். அம்மாவின்ட பிறசர் குளிசை.

அதை நான் கண்டுபிடிக்கவில்லை. சித்திதான் வட்ஸ்அப்பில் அனுப்பினா: "பிறசர் குளிசையால் கான்சர், உடனே நிறுத்துங்கள்." எந்தக் குளிசை, எவ்வளவு, எத்தனை வருசம் என்று ஒன்றுமில்லை. அம்மா எங்களுக்குச் சொல்லாமல் ஒன்பது நாள் குளிசை போடவில்லை. பத்தாம் நாள் தலைச்சுற்று என்று கதிரையில் இருந்திட்டா. பிறசர் பார்த்தால் மேல் எண் 190. "ஏன் அம்மா சொல்லேல்லை?" என்று கேட்டேன். "கிளினிக்கில கேட்டால் பேசுவினம் பிள்ளை" என்றா.

அன்றைக்குத்தான் இதைப் பற்றி ஒழுங்காக வாசித்தேன். டென்மார்க்கில் நாடு முழுவதற்குமான மருந்துப் பதிவுகளையும் புற்றுநோய்ப் பதிவுகளையும் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். மொத்தம் 50,000 மில்லிகிராமுக்கு மேல் ஹைட்ரோகுளோரோதயசைட் எடுத்தவர்களிடம், ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்கிற தோல் புற்றுநோய் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ஒரு நாளைக்கு 25 மில்லிகிராம் எடுத்தால் 50,000 ஆவதற்கு 2,000 நாள், அதாவது ஐந்தரை வருசம் வேண்டும். 2018இல் ஐரோப்பிய மருந்து முகவரகம் எச்சரிக்கை விட்டது. 2020இல் அமெரிக்காவின் எஃப்டிஏ மருந்தின் விபரத்தாளை மாற்றியது. எஃப்டிஏ சொன்ன கணக்கு இது: இந்த மருந்து எடுக்கிற 16,000 பேரில் வருசத்துக்கு ஒருவருக்குக் கூடுதலாக வரலாம். 50,000 மில்லிகிராமைத் தாண்டிய வெள்ளையர்களில் என்றால் 6,700 பேருக்கு ஒருவர். அதோடு இன்னொன்றும் சொன்னது. ஆபத்து சிறியது, மருந்தை நிறுத்த வேண்டாம், வெயிலில் இருந்து தோலைக் காப்பாற்றுங்கள், தோலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

"நான்கு மடங்கு" என்பதும் "16,000 பேரில் ஒருவர்" என்பதும் ஒரே மருந்தைப் பற்றிய கதைதான். முதலாவது மட்டும் வட்ஸ்அப்பில் வந்தது. இரண்டாவதை அம்மாவுக்கு ஆரும் சொல்லவில்லை.

"அது வெள்ளைக்காரருக்குத்தானே, எங்களுக்கென்ன" என்று கேட்கலாம். பாதி உண்மை. எங்கட தோலில் இருக்கிற மெலனின் உண்மையாகவே பாதுகாப்புத் தருகிறது, அதனால் இந்தப் புற்றுநோய் எங்களுக்குள் குறைவு. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதல்ல. என்ட புறங்கை சுட்டதை மெலனின் தடுக்கவுமில்லை. வெண்புள்ளி இருக்கிறவர்களுக்கு அந்த இடத்தில் மெலனினே இல்லை. சிறுநீரகம் மாற்றியவர்கள் எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கிற மருந்து எடுப்பதால் அவர்களுக்குத் தோல் புற்றுநோய் ஆபத்து ஏற்கெனவே அதிகம். இவர்களும் எங்கட ஆக்கள்தான்.

வெயிலைப் பற்றி எங்களுக்குச் சின்னனிலிருந்து சொல்லித்தருகிற ஒரே பாடம் "கறுத்துப்போவாய்" என்பது. அதுவும் பெட்டைகளுக்கு மட்டும். அந்தப் பாடம் நிறத்தைப் பற்றியது, தோலைப் பற்றியது இல்லை. அதனால்தான் குடை பிடிக்கிற பெடியனைப் பார்த்துச் சிரிக்கிறோம். நாள் முழுக்க வயலில் நிற்கிற மாமாவுக்குத் தொப்பி போடச் சொல்லுவதில்லை. எனக்குத் தோல் வெந்தபோதும் வீட்டுக்குத் தெரிந்தது நிறம் மட்டும்தான்.

"எல்லாப் பக்கவிளைவையும் சொன்னால் சனம் பயந்து மருந்தை நிறுத்திவிடும்" என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிற கிளினிக்கில் நேரமில்லை என்பதும் எனக்கு விளங்குகிறது. ஆனால் எங்கட வீட்டில் நடந்தது அதற்கு நேரெதிர். ஆரும் சொல்லாததால்தான் அம்மா பயந்தா. டொக்டர் சொல்லாத இடத்தை வட்ஸ்அப் நிரப்பியது.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி ஆக்கள் இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைத் தடுக்க வயலில் இறங்குகிறவர்களுக்குத் தருவதும் டொக்சிசைக்கிளின்தான், கிழமைக்கு 200 மில்லிகிராம். நாட்டிலேயே கூட வெயில் படுகிற ஆக்களுக்கு வெயிலில் சுடுகிற மருந்து. அதைக் கொடுப்பது சரிதான், உயிரைக் காப்பாற்றுகிற மருந்து அது. ஆனால் ஒரு விவசாயிக்குக் கை வெந்து, காரணம் விளங்காமல், "உந்தக் குளிசை எனக்கு ஒத்துவராது" என்று விட்டால்? அவருக்கு முன்னால் இருக்கிற ஆபத்து தோல் புற்றுநோய் இல்லை, எலிக்காய்ச்சல். நீளக்கைச் சட்டை போடுங்கள், மருந்தை விடாதீர்கள் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவர் விட்டிருக்கமாட்டார்.

நான் கேட்பது பெரிய விசயமில்லை. மருந்து உறையில் குத்துவதற்கு ஒரு றப்பர் முத்திரை. தமிழிலும் சிங்களத்திலும்: "இந்த மருந்து எடுக்கும்போது வெயிலில் கவனம். நீங்களாக நிறுத்த வேண்டாம்." பெட்டியோடு வருகிற ஆங்கில விபரத்தாளில் இது ஏற்கெனவே இருக்கிறது. எண்ணித் தருகிற குளிசையோடு அந்தத் தாள் வருவதில்லை, வந்தாலும் அம்மாவால் அதை வாசிக்க ஏலாது.

முத்திரை வரும்வரைக்கும் நாங்கள் செய்யக்கூடியது கேட்பதுதான். அடுத்த முறை மருந்துக்கடையில், "இதைப் போட்டுட்டு வெயிலுக்க போகலாமோ?" என்று கேளுங்கள். வெளியில் வேலை செய்கிறவர் என்றால் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள், பிறசருக்கு வேறு குளிசைகளும் இருக்கின்றன. ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணோ, வளர்ந்துகொண்டு போகிற தடிப்போ தோலில் இருந்தால் காட்டுங்கள்.

அம்மாவோடு அடுத்த கிளினிக்குக்கு நானும் போனேன். கேட்டோம். டொக்டர் பேசவில்லை. இரண்டு நிமிசம் விளங்கப்படுத்தி, அதே குளிசையைத் தொடரச் சொன்னார். இப்ப அம்மா முற்றம் கூட்டப் போகேக்க அப்பாவின்ட பழைய நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போறா. கேட்டால், "கறுக்கக்கூடாதெண்டு இல்லை பிள்ளை, குளிசைக்காக" என்கிறா.